மாதுளைக்கு யார் சொந்தக்காரர்?

74 லட்சம் டாலர்ங்க. ஒரே ஒரு ஜோடி வெள்ளிச் சாமானுக்குப் பேசின விலை. ரெண்டையும் உருக்கி எடைக்குப் போட்டா அந்தத் தொகையில ஒரு மூலைகூட தேறாது. செஞ்ச ஆளோட பேரும் 250 வருஷப் பழமையும் சேர்ந்துதான் அந்த விலை.

2012ல நடந்த கதை இது. அமெரிக்காவுல ரோட் ஐலண்ட் மாநிலத்துல நியூபோர்ட்னு ஒரு கடற்கரை ஊர். அங்க இருக்கிற ஜெஷுவத் இஸ்ரயேல்ங்கிற சின்ன யூத சபை, தங்ககிட்ட இருந்த அந்த ஜோடியை பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்கு வித்துடலாம்னு முடிவு பண்ணினாங்க. கையில காசில்ல. சபை சுருங்கிக்கிட்டே போகுது. வர்ற பணத்தை நிரந்தர வைப்பா போட்டு வச்சா, அந்த வருமானத்துல ரபைக்கு சம்பளம் கொடுத்து கடையைத் தொடர்ந்து நடத்தலாம்னு கணக்கு. அப்பத்தான் நியூயார்க்ல இருந்து ஒரு குரல்: "அது எங்களோடது. விக்கிறதுக்கு நீங்க யாரு?" குரல் கொடுத்தது ஷியரித் இஸ்ரயேல். 1654லயே தொடங்கின, வட அமெரிக்காவோட முதல் யூத சபை. அப்புறம் என்ன, ஏழு வருஷம் கோர்ட்டு.

தீர்ப்பு நகல்களை உக்காந்து படிச்சேன். (பொட்டி தட்டுறவனுக்கு ஏன் இந்த வேலைன்னு கேக்கப்படாது. பில்டு ஓடுற நேரத்துல வேற என்னத்த பண்றது? :-)) நூறு பக்கத்துக்கு மேல போகுது முதல் தீர்ப்பு. சட்டத்தை எதிர்பார்த்துப் போனா, பாதிக்கு மேல சரித்திரம். அதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமா போகும், டீ காபி எடுத்துட்டு வந்து உக்காருங்க.

முதல்ல சாமான் என்னன்னு சொல்லிடறேன். யூதர்களோட தோரா, அதாவது மோசேயோட ஐந்து ஆகமங்கள், சினகாக்ல புத்தகமா இருக்காது. தோல்ல கையால எழுதின நீளமான சுருள். ரெண்டு மரக்கட்டையில ரெண்டு பக்கமும் சுத்தி வச்சிருப்பாங்க. அதை ராஜா மாதிரிதான் நடத்துவாங்க. பட்டுத் துணி போத்துவாங்க, சிலதுக்கு மார்புத் தகடு, சிலதுக்கு கிரீடம். எழுத்தை விரலால தொடக்கூடாது. அதனால வரி பிடிச்சுப் படிக்க, நுனியில சின்னக் கை மாதிரி செஞ்ச ஒரு வெள்ளிக் குச்சி. கொச்சி மட்டாஞ்சேரி சினகாக் போனவங்க, அங்க தோராவுக்கு திருவிதாங்கூர் ராஜா தங்கக் கிரீடம் கொடுத்த கதையை கைடு வாயால கேட்டிருப்பீங்க.

சுருளை நிமித்து வைக்கும்போது அந்த ரெண்டு மரக்கட்டை நுனியும் மேல நீட்டிட்டு நிக்கும் இல்லையா? அதுக்கு மாட்டுற வெள்ளிக் குமிழ்கள்தான் ரிமோனிம். எபிரேய மொழியில ரிமோன்னா மாதுளை. பைபிள் படிச்சவங்களுக்கு யாத்திராகமம் 28 ஞாபகம் வரும். ஆசாரியன் அங்கியோட கீழ் ஓரத்துல மாதுளையும் பொன்மணியும் மாத்தி மாத்தித் தொங்கணும்னு வரும். ரிமோனிம்லயும் குட்டிக் குட்டி மணி தொங்கும். தோராவைத் தூக்கிட்டு நடக்கும்போது கிண்கிணின்னு சத்தம் வரும், சபை எழுந்து நிக்கும். பேருதான் மாதுளை, பல ஊர்ல உருவம் கோபுரமா மாறிடுச்சு. அந்தந்த ஊர் சர்ச் கோபுரம், மணிக்கூண்டு எப்படி இருந்ததோ அப்படியே!

ஏன் சர்ச் கோபுரம் மாதிரி? இங்கதான் எனக்குப் பிடிச்ச விஷயம் வருது. ஐரோப்பாவுல பெரும்பாலான ஊர்கள்ல இதையெல்லாம் செஞ்சது யூதர்கள் இல்லைங்க, கிறிஸ்தவத் தட்டார்கள். பொன், வெள்ளி வேலை தொழிற்சங்கங்களோட பிடியில இருந்தது. சங்கத்துல சேராம பட்டறை போட முடியாது, யூதனை சங்கத்துல சேக்க மாட்டாங்க. ஃபிராங்க்ஃபர்ட் யூதத் தெருவுல இருக்கிறவருக்கு ஹனுக்கா விளக்கு வேணும்னா, ஊருக்குள்ள போய் யோஹான் வாலண்டைன் ஷூலர் மாதிரி ஒரு கிறிஸ்தவத் தட்டார்கிட்டதான் ஆர்டர் கொடுக்கணும். 1700ஐ ஒட்டின வருஷங்கள்ல ஷூலர் பட்டறையில செஞ்ச ஹனுக்கா விளக்குகள் இன்னைக்கும் மியூசியங்கள்ல இருக்கு. ஆர்டர் கொடுக்கிறவர் வாயால விவரிக்கணும், செய்யறவர் தனக்குத் தெரிஞ்ச உருவத்துல வார்க்கணும். ரிக்வயர்மெண்ட் ஒருத்தர், டெவலப்பர் இன்னொருத்தர்னா என்ன ஆகும்னு நமக்குத் தெரியாதா? சனிக்கிழமை சாயங்காலம் ஓய்வு நாளை வழியனுப்பும்போது முகர்ற வாசனைப் பொருளுக்கான டப்பா ஊர்க் கோட்டை கோபுரமா வந்து நின்னுச்சு. அதுவும் அழகாத்தான் இருக்கு, அது வேற விஷயம்.

எதிர்த் திசையிலயும் ஒண்ணு நடந்திருக்கு. இப்ப மிச்சம் இருக்கிறதுலயே ரொம்பப் பழைய ரிமோனிம் ஜோடி சிசிலித் தீவுல கம்மராட்டாங்கிற ஊரோடது, 15ஆம் நூற்றாண்டு. எங்க இருக்குன்னு நினைக்கிறீங்க? ஸ்பெயின்ல பால்மா தெ மயோர்கா கதீட்ரலோட கருவூலத்துல! 1492ல ஸ்பானிஷ் அரசு யூதர்களை விரட்டினப்ப சிசிலியும் அவங்க கையிலதான் இருந்தது. யூதர்கள் போயிட்டாங்க, ரிமோனிம் நின்னுடுச்சு. சர்ச்சுல ஊர்வலக் கோலுக்குத் தலையா மாட்டிக்கிட்டாங்க. அதுல எபிரேய எழுத்து இருக்கிறதைப் பத்தி யாரும் அலட்டிக்கல போல.

இஸ்லாமிய நாடுகள் சிலதுல நிலைமை அப்படியே தலைகீழ். ஏமன்ல வெள்ளி வேலைன்னாலே யூதர்தான். கம்பி இழைச்சு, மணி மணியா பொடி உருண்டை வச்சுப் பத்தவைக்கிற அந்த வேலையில அவங்களை மிஞ்ச ஆளில்ல. முஸ்லிம் மணப்பெண்ணோட கழுத்து நகையும் அவங்க செஞ்சதுதான். 1949-50ல கிட்டத்தட்ட 50 ஆயிரம் பேர் விமானம் ஏறி இஸ்ரேல் போனப்ப, தொழிலை உள்ளூர் ஆளுங்களுக்குக் கத்துக்கொடுத்துட்டுத்தான் போகணும்னு இமாம் நிபந்தனை போட்டதாச் சொல்வாங்க. ஏமன் தட்டார்களைப் பத்தி தனிப் பதிவே போடலாம். இப்ப நியூபோர்ட்டுக்குத் திரும்புவோம்.

நியூபோர்ட் ரிமோனிம் ஏன் இவ்வளவு விலைன்னா, அதை செஞ்சது யூதர். பேரு மையர் மையர்ஸ். (முதல் பேரு, குடும்பப் பேரு ரெண்டும் ஒண்ணுதான், எழுத்துப் பிழை இல்ல.) 1723ல நியூயார்க்ல பிறந்தவர். அப்பா அம்மா ஹாலந்துல இருந்து வந்தவங்க. அன்னைக்கு நியூயார்க் பிரிட்டிஷ் காலனி. ஆனா ஐரோப்பா மாதிரி இறுக்கமான தட்டார் சங்கம் அங்க கிடையாது. லண்டன்ல நகர உரிமை வாங்கணும்னா கிறிஸ்தவ முறைப்படி சத்தியம் பண்ணணும். நியூயார்க்ல யூதருக்கும் அந்த உரிமை கிடைச்சது. ஏழு வருஷம் தொழில் பழகி முடிச்சு, 1746ல நகரப் பதிவேட்டுல பொற்கொல்லர்னு பேர் ஏறினப்ப மையர்ஸுக்கு 23 வயசு.

2001ல யேல் பல்கலைக்கழக அருங்காட்சியகம் அவரோட படைப்புகளை ஒண்ணா சேர்த்து பெரிய கண்காட்சி வச்சாங்க. அதை நடத்தின டேவிட் பார்க்விஸ்ட் எழுதின புத்தகத்துல ஒரு கணக்கு சொல்றார். லண்டன் தட்டார் சங்கத்துக்கு அரச சாசனம் கிடைச்சது 1327. அதுல இருந்து எடுத்துக்கிட்டா, பிரிட்டிஷ் ஆட்சி எல்லைக்குள்ள பிறந்து, சொந்தமா பட்டறையும் கடையும் வச்ச முதல் யூதத் தட்டார் மையர்ஸ்தானாம். 'பிறந்து'ங்கிறதை கவனிங்க. அவருக்கு முன்னாடியே லண்டன்ல ஆபிரகாம் தெ ஒலிவெய்ரான்னு ஒருத்தர் அருமையான ரிமோனிம் செஞ்சிருக்கார், ஆனா அவர் ஆம்ஸ்டர்டாம்ல இருந்து வந்தவர்.

அந்தக் காலத்துல வெள்ளிக் கட்டி கடையில கிடைக்காது. வாடிக்கையாளர் சாக்குப்பையில ஸ்பானிஷ் வெள்ளி டாலரோ, நசுங்கின பழைய பாத்திரமோ கொண்டு வந்து கொட்டுவார். எடை போட்டு, உருக்கி, தகடாக்கி, அப்புறம் அடி. குடுவை மாதிரி உருவம் வேணும்னா தட்டையான தகட்டை இரும்பு முளைமேல வச்சு சுத்தியலால சுத்திச் சுத்தி அடிச்சே எழுப்பணும். அடிக்க அடிக்க வெள்ளி இறுகிடும், வெடிக்கப் பாக்கும். உலையில காட்டி இளக்கி மறுபடி அடி. இப்படிப் பல சுற்று. பூ வேலைக்கு உள்ளே கீல் மாதிரி ஒரு பொருளை ஊத்தி இறுக வச்சு (நம்ம ஊர்ப் பட்டறையில அரக்கு), மேல இருந்து சின்னச் சின்ன உளியால தட்டி பூ, இலை, கொடி எல்லாம் எடுக்கணும். கடைசியா தங்க முலாம். தங்கத்தைப் பாதரசத்துல கரைச்சு களிம்பாக்கிப் பூசி நெருப்புல காட்டினா, பாதரசம் புகையாப் போயிடும், தங்கம் ஒட்டிக்கும். அந்தப் புகையை முகர்ந்து எத்தனை பேர் கை நடுங்கிச் செத்தாங்களோ, அதையெல்லாம் எந்த மியூசியம் அட்டையிலயும் எழுத மாட்டாங்க.

இன்னொரு விஷயம். லண்டன்ல சாமானை சங்கத்துல கொடுத்து தரம் பார்த்து முத்திரை குத்தி வாங்கணும், நம்ம ஹால்மார்க் மாதிரி. நியூயார்க்ல அப்படி ஒரு சோதனைச் சாலையே கிடையாது. செஞ்சவன் தன் பேரைக் குத்துவான், அவ்வளவுதான். அந்தப் பேரை நம்பினா வாங்கு. மையர்ஸ் சாமான்ல கொடி கொடியா ஓடுற எழுத்துல 'மையர்ஸ்'னு இருக்கும். லிவிங்ஸ்டன், ஸ்கைலர் மாதிரி அன்னைய நியூயார்க்கோட பெரிய கிறிஸ்தவக் குடும்பங்கள் எல்லாம் அவர் வாடிக்கை. இன்னைக்கு மிச்சமிருக்கிற மையர்ஸ் சாமான் சுமார் 380. அதுல முக்கால்வாசிக்கு மேல காபி ஜாடி, கரண்டி, குவளை, மெழுகுவத்தித் தண்டு இப்படித்தான். யூதச் சடங்குச் சாமான் கொஞ்சமே கொஞ்சம். ரிமோனிம் ஜோடிகளை ஒரு கை விரல்ல எண்ணிடலாம். நியூயார்க், நியூபோர்ட், ஃபிலடெல்ஃபியா சபைகளுக்குச் செஞ்சவை.

'மையர்ஸ் செஞ்சது'ன்னு சுலபமாச் சொல்லிடறோம். அந்தப் பட்டறையில பழகுற பசங்க, கூலித் தட்டார்கள், பூ வேலைக்குத் தனி ஆள், எழுத்து வெட்ட தனி ஆள்னு பலர் வேலை பார்த்திருக்காங்க. 1760கள்ல பெஞ்சமின் ஹால்ஸ்டட்னு ஒரு கிறிஸ்தவப் பங்காளியும் உண்டு. அதனால ரிமோனிம்ல இருக்கிற எந்தப் பூவை எந்தக் கை தட்டினதுன்னு முத்திரையை மட்டும் வச்சுச் சொல்லிட முடியாது. ஆயிரம் பேர் எழுதின மென்பொருளுக்கு அட்டையில ஒரு கம்பெனி பேரு மட்டும் இருக்கிற மாதிரிதான். ஆணி புடுங்கினவன் பேரு எந்தக் காலத்துல வெளிய வந்திருக்கு?

ஆனா ரிமோனிம் விஷயத்துல மையர்ஸுக்கு வேற ஒரு உறவு உண்டு. அவர் வெறும் சப்ளையர் இல்ல. ஷியரித் இஸ்ரயேல் சபையோட தலைவரா 1759லயும் 1770லயும் இருந்திருக்கார். ஓய்வு நாளன்னைக்கு சபையில உக்காந்து, தன் பட்டறையில செஞ்ச மணி குலுங்குறதைக் கேட்டிருப்பார். ஃபிராங்க்ஃபர்ட் ஷூலருக்கு அது கிடைச்சிருக்காது.

நியூபோர்ட் கதை இப்படி. 18ஆம் நூற்றாண்டு நடுவுல அது பணக்காரத் துறைமுகம். போர்ச்சுகல், ஸ்பெயின் மதவிசாரணைக்குத் தப்பி வந்த குடும்பங்கள் அங்க வியாபாரத்துல செழிச்சாங்க. அவங்கள்ல பெரிய கை ஏரன் லோபஸ். திமிங்கிலக் கொழுப்பு மெழுகுவத்தி, கப்பல், ரம்... அடிமை வியாபாரக் கப்பல்லயும் அவர் பணம் போட்டார். நியூபோர்ட்டோட பளபளப்புக்குப் பின்னால அது இருக்கு, அதைச் சொல்லாம வெள்ளியை மட்டும் ரசிச்சா சரியா இருக்காது. 1763 டிசம்பர்ல அந்த ஊர் சினகாக் திறப்பு விழா. பீட்டர் ஹாரிசன் வடிவமைச்ச கட்டடம், இன்னைக்கும் நிக்குது. அமெரிக்காவுல நிக்கிற சினகாக் கட்டடங்கள்லயே பழசு அதுதான், இப்போ டூரோ சினகாக்னு பேரு. ரிமோனிம் அதுக்கு அடுத்த பத்துப் பதினஞ்சு வருஷத்துக்குள்ள செஞ்சது.

அப்புறம் சுதந்திரப் போர் வந்தது. 1776ல பிரிட்டிஷ் படை நியூயார்க்கைப் பிடிச்சப்ப மையர்ஸ் புரட்சிக்காரர் பக்கம் நின்னு, குடும்பத்தோட கனெக்டிகட்ல நார்வாக்குக்குப் போயிட்டார். 1779 ஜூலைல பிரிட்டிஷார் நார்வாக்கைக் கொளுத்தினாங்க. மறுபடி ஓட்டம். 1783ல நியூயார்க் திரும்பினார். 1786ல நகரத்துப் பொன் வெள்ளித் தட்டார் சங்கத்துக்கு அவரையே தலைவராக்கினாங்க. ஒரு யூதர், தட்டார் சங்கத்துக்குத் தலைவர்! ஃபிராங்க்ஃபர்ட்ல இதைச் சொல்லியிருந்தா சிரிச்சிருப்பாங்க. ஆனா பழைய வியாபாரம் திரும்ப வரவே இல்ல. 1795ல காலமானார்.

நியூபோர்ட் நிலைமை அதைவிட மோசம். மூணு வருஷம் பிரிட்டிஷ் ஆக்கிரமிப்புல வியாபாரம் செத்துடுச்சு, போர் முடிஞ்சதும் சரக்கெல்லாம் நியூயார்க் பக்கம் போயிடுச்சு. 1790ல ஜார்ஜ் வாஷிங்டன் அந்த ஊருக்கு வந்து, மதச் சுதந்திரத்தைப் பத்தி அந்த சபைக்கு எழுதின கடிதம் அமெரிக்கப் பள்ளிக்கூடங்கள்ல இன்னைக்கும் சொல்லித் தர்ற ஒண்ணு. அந்தக் கடிதம் வந்தப்பவே சபை கரைஞ்சுக்கிட்டு இருந்தது. 1822ல மோசஸ் லோபஸ்ங்கிற கடைசி ஆளும் நியூயார்க் போயிட்டார். கட்டடம் பூட்டி கிடந்தது. யூதரே இல்லாத ஊர்ல அதையும் கல்லறையையும் கவனிச்சுக்கிட்டது குவேக்கர் கிறிஸ்தவரான ஸ்டீபன் கூல்ட். அவர் விட்டுட்டுப் போகல.

1833ல நியூபோர்ட்டோட தோராச் சுருள்களை ஷியரித் இஸ்ரயேல் பாதுகாப்புக்கு வாங்கி வச்சாங்க. நியூபோர்ட்ல மறுபடி ஆளுங்க கூடித் தொழ ஆரம்பிச்சா திருப்பித் தரணும்ங்கிறது பேச்சு. இன்னும் பிறக்காத, யாருன்னே தெரியாத ஜனங்களுக்காக ஒரு சொத்தை எடுத்து வைக்கிறது... எனக்கு இந்த இடத்துல கொஞ்ச நேரம் மேல படிக்க ஓடல.

ஏன்னா இதே மாதிரி இன்னொரு ஒப்பந்தம் எனக்குத் தெரியும். பால்டிக் கடலோரம் டான்சிக். இன்னைக்குப் போலந்துல க்தான்ஸ்க். 1939ல நாஜிப் பிடி இறுக, அந்த ஊர் யூதர்கள் உயிர் பிழைச்சு ஓட பணம் திரட்டணும்னு தங்களோட பெரிய சினகாக்கையே வித்தாங்க. அதை இடிச்சும் ஆச்சு. வெள்ளிச் சாமான்களையும் துணிகளையும் பெட்டி கட்டி நியூயார்க் யூத இறையியல் கல்லூரிக்கு அனுப்பினாங்க. நிபந்தனை: 15 வருஷத்துக்குள்ள டான்சிக்ல சுதந்திரமா வாழுற யூத சபை இருந்தா திருப்பித் தரணும், இல்லைன்னா அமெரிக்காவுலயே இருக்கட்டும். 15 வருஷம் முடிஞ்சது 1954ல. திருப்பிக் கேக்க சபைன்னு ஒண்ணு இல்ல. பெட்டிகள்ல வந்ததெல்லாம் இப்ப நியூயார்க் யூத அருங்காட்சியகத்துல இருக்கு.

டான்சிக்குக் கிடைக்காதது நியூபோர்ட்டுக்குக் கிடைச்சது. 1880கள்ல கிழக்கு ஐரோப்பாவுல இருந்து யூதர்கள் கூட்டம் கூட்டமா அமெரிக்கா வந்தாங்க. சிலர் நியூபோர்ட்ல இறங்கினாங்க. 1883ல சினகாக் திறந்தாச்சு. ஆனா வந்தவங்க வேற ரகம். கட்டினவங்க ஸ்பெயின் போர்ச்சுகல் வழி வந்த செஃபார்டி பணக்காரங்க. புதுசா வந்தவங்க இத்திஷ் பேசுற ஏழை அஷ்கெனாசி ஜனம். நியூயார்க் சபைக்கு இவங்களைக் கொஞ்சம் இளக்காரம்தான். எங்க முறைப்படி தொழுதா தொழு, இல்லன்னா பூட்டு. 1902ல தகராறு முத்தி, நியூபோர்ட்காரங்க கட்டடத்துக்குள்ள புகுந்து உக்காந்துட்டாங்க. 1903ல சமாதானம். வருஷத்துக்கு ஒரு டாலர் வாடகைக்கு ஷியரித் இஸ்ரயேல் கட்டடத்தையும் அதுல இருக்கிற சாமான்களையும் ஜெஷுவத் இஸ்ரயேலுக்குக் கொடுக்கிற மாதிரி பத்திரம். வாடகை ஒரு டாலர்தான்னாலும், கையெழுத்துப் போட்டா நீ குடித்தனக்காரன்னு ஒத்துக்கிட்டதா ஆகுமே!

110 வருஷம் கழிச்சு அந்தப் பத்திரம்தான் வேலையைக் காட்டுச்சு. 2016ல மாவட்ட நீதிபதி ஜான் மெக்கானல் நியூபோர்ட் பக்கம் தீர்ப்புச் சொன்னார். 18ஆம் நூற்றாண்டு உயில்ல இருந்து, வரவு செலவுக் கணக்கு, சாமான் பட்டியல் எல்லாத்தையும் தோண்டிப் பார்த்து, ரிமோனிம் நியூபோர்ட் சபையோடது, கட்டடத்தைப் பொறுத்தவரை நியூயார்க் சபை அறங்காவலர் மட்டும்தான், அந்தப் பொறுப்பையும் ஒழுங்காப் பாக்கலைன்னு சொல்லிட்டார். 2017ல மேல்முறையீட்டுல எல்லாம் தலைகீழ். தீர்ப்பை எழுதினது ஓய்வு பெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி டேவிட் சூட்டர். அவர் வாதம் எளிமையானது. ரெண்டு மத சபைகளுக்கு இடையில சொத்துத் தகராறுன்னா, கோர்ட்டு அவங்க மத வரலாற்றுக்குள்ள புகுந்து குழம்பக்கூடாது. அவங்களே எழுதிக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் இருக்கு, அதைப் பாரு. ஒப்பந்தப்படி கட்டடமும் சாமானும் நியூயார்க்கோடது. முடிஞ்சது. 2019 மார்ச்ல உச்ச நீதிமன்றம் அப்பீலை எடுத்துக்கவே மறுத்துடுச்சு. விற்பனை நடக்கல. அதோட நிக்கல, 2022ல ஷியரித் இஸ்ரயேல் நியூபோர்ட் சபையை கட்டடத்தை விட்டு வெளியேத்தவே கேஸ் போட்டாங்க.

சட்டப்படி சூட்டர் சொன்னது சரின்னுதான் எனக்குப் படுது. கையெழுத்துன்னா கையெழுத்துதான். ஆனா படிக்கும்போது ஒரு எரிச்சல். 1833ல "அவங்க வந்தா கொடுக்கணும்"னு வாங்கி வச்சவங்களோட வாரிசு, அவங்க வந்ததும் "நீ வேற ஜாதி, வாடகைப் பத்திரத்துல கையெழுத்துப் போடு"ன்னு சொன்னது நியாயமா? நூறு வருஷத்துக்கு மேல ஒவ்வொரு ஓய்வு நாளும் அந்த ஊர் தோராவைத் தூக்கிட்டு நடந்தவன் குடித்தனக்காரனா?

அதே நேரம் விக்கப் போனதும் எனக்கு ஒப்பல. யூத மரபுலயே இதுக்கு வழிமுறை இருக்கு. மிஷ்னாவுல மெகில்லா பகுதியில, புனிதப் பொருளை வித்தா அந்தக் காசுல என்ன வாங்கலாம்னு ஒரு ஏணி வரும். ஊர்ச் சதுக்கத்தை வித்து சினகாக் வாங்கலாம். சினகாக்கை வித்து தோராப் பேழை, பேழையை வித்து தோராவைச் சுத்துற துணி, துணியை வித்து மற்ற ஆகமப் புத்தகம், அதை வித்து தோரா. ஏறலாம், இறங்கக்கூடாது. அந்தக் கணக்குல ரிமோனிமை வித்து ரபைக்குச் சம்பளம்ங்கிறது ஏறுறதா இறங்குறதா? தோராவைப் படிச்சுச் சொல்லிக் கொடுக்க ஆள் வேணும்தானே, அப்ப ஏறுறதுதான்னு ஒரு பக்கம் வாதாடலாம். ஆள் இல்லாத சபையில மணி மட்டும் இருந்து என்ன பண்ணன்னு கேட்டா பதில் சொல்றது கஷ்டம். டான்சிக்காரங்க சினகாக்கையே வித்து ஆட்களைக் காப்பாத்தினாங்க, அதை யாரும் தப்புன்னு சொல்ல மாட்டோம். நியூபோர்ட்ல உயிர் போற அவசரம் இல்ல, பட்ஜெட் பற்றாக்குறைதான். ஆனா சபை மெதுவாச் சாகிறதும் சாவுதானே?

இதுல வேடிக்கை என்னன்னா, வழக்குல ஜெயிச்ச சபைக்கு மையர்ஸ் ரெண்டு தடவை தலைவரா இருந்தவர். அந்த சபைக்கும் அவர் தனியா ரிமோனிம் செஞ்சு கொடுத்தார், அது இன்னைக்கும் அவங்ககிட்ட இருக்கு. ஆக, எந்த ஜோடி எந்த சபைக்காகச் செஞ்சதுன்னே கோர்ட்டுல ரெண்டு பக்கமும் ரெண்டு கணக்கு காட்டினாங்க. அத்தனை வக்கீல்களும் மறுக்காத ஒரே வார்த்தை, வெள்ளியில குத்தியிருந்த 'மையர்ஸ்' மட்டும்தான்.

டிஸ்கி: சினகாக், ரபை, ரிமோனிம் எல்லாத்தையும் தமிழ்ப்படுத்தலையான்னு கேக்கப் போறவங்களுக்கு: ஜெப ஆலயம்னு எழுதினா சர்ச்னு நினைச்சுக்கிறாங்க, அதான். நல்ல சொல் இருந்தா பின்னூட்டத்துல போடுங்க. ஏமன் தட்டார்கள் அடுத்த பதிவுல. ஆணி கொஞ்சம் குறையட்டும்.